ஆங்கிலத்துக்குச் செயப்பாட்டுவினை எதற்கு?

'நாய் பூனையைத் துரத்தியது', 'பூனையை நாய் துரத்தியது' - எப்படிச் சொன்னாலும் துரத்தியது நாய்தான். பூனையோடு ஒட்டியிருக்கும் 'ஐ' உருபு குழப்பம் வராமல் காக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. இன்று அங்கே இடம்தான் எல்லாம். வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். 'தி டாக் சேஸ்டு தி கேட்' என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும்.

பேச்சு பூனையைப் பற்றியது, அதை முதலில் வைக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்குத்தான் செயப்பாட்டுவினை: 'தி கேட் வாஸ் சேஸ்டு பை தி டாக்'. இந்தத் தேவையைச் சொல்லாமல் வெறும் வாய்பாடாக மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விப்பது வருத்தம் தருகிறது. காரணம் புரிந்தால் விதி தானாக மனத்தில் தங்கும்.

செயப்படுபொருள் முன்னே வந்ததும், முக்கிய வினை தன் மூன்றாம் வடிவத்தில் நின்றுவிடும். 'ரைட்ஸ்', 'ரோட்' இரண்டுமே 'ரிட்டன்' ஆகும். காலத்தைக் காட்டும் பொறுப்பு துணைவினைக்குப் போகிறது: 'இஸ் ரிட்டன்', 'வாஸ் ரிட்டன்', 'வில் பி ரிட்டன்'. பலரும் தடுமாறுவது 'இஸ் ரைட்டிங்' வரும்போதுதான். அது 'இஸ் பீயிங் ரிட்டன்' ஆகும். இந்த 'பீயிங்' வடிவம் ஆங்கிலத்துக்கே புதிது. 18ஆம் நூற்றாண்டில் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருப்பதை 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். 'இஸ் பீயிங் பில்ட்' பரவியபோது 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் சிலர் அதை அவலட்சணம் என்று கடுமையாக எதிர்த்தார்கள்.

செய்தவரைச் சொல்லும் 'பை' பகுதி தேர்வுத்தாளில் தவறாமல் வரும். நடைமுறையில் பெரும்பாலும் வராது. 'தி தீஃப் வாஸ் அரெஸ்டட்' என்றால் கைது செய்தது போலீஸ் என்று சொல்லவா வேண்டும்? சில வேளை விடுபடுவது வசதிக்காக. அமெரிக்கா ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்த பிறகு, 1987இல் அதிபர் ரீகன் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். தவறு செய்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

'ஸ்லீப்', 'அரைவ்' போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் இல்லாததால் செயப்பாட்டுவினையும் இல்லை. 'கிவ்' போன்றவற்றுக்கோ இரண்டு உண்டு. 'தி ஸ்கூல் கேவ் மாலா எ பிரைஸ்' என்பதை 'எ பிரைஸ் வாஸ் கிவன் டு மாலா' என்றும் மாற்றலாம், 'மாலா வாஸ் கிவன் எ பிரைஸ்' என்றும் மாற்றலாம். ஆங்கிலேயர் இயல்பாகச் சொல்வது இரண்டாவதைத்தான். தமிழில் யோசித்து எழுதுபவருக்கு அது எளிதில் தோன்றாது. நமக்குப் பரிசுதான் கொடுக்கப்படும், மாலா அல்ல.