முகமூடி என்கிற சொல்லும் டான் மக்களின் 'கே'யும்

'முகமூடியைக் கிழித்தல்' நம் விமர்சன எழுத்தில் நெடுநாளாக நடந்துவருகிற வேலை. அரசின் முகமூடி, சாதியின் முகமூடி, முற்போக்கின் முகமூடி என்று ஒன்று விடாமல் கிழித்திருக்கிறோம். இந்தச் சொல்லாடலுக்கு அடியில் ஒரு அனுமானம் கேள்வி கேட்பாரின்றி உட்கார்ந்திருக்கிறது: மூடி பொய், அதன் பின்னால் இருக்கிற முகமே மெய். இந்த அனுமானம் எல்லா ஊருக்கும் செல்லுபடியாகாது. மேற்கு ஆப்பிரிக்காவின் டான், பாஸா மக்கள் மரத்தில் செதுக்கும் முகங்களைப் பற்றிப் பேசுவதன் வழியாக இதைச் சொல்லிப்பார்க்க நினைக்கிறேன்.

டான் மக்கள் லைபீரியாவின் வடகிழக்கில் நிம்பா மாவட்டத்திலும், எல்லைக்கு அப்பால் ஐவரி கோஸ்டின் மேற்கில் மான், தனானே பகுதிகளிலும் வாழ்கிறார்கள். லைபீரியாவில் இவர்களைக் கியோ என்றும் ஐவரி கோஸ்டில் யாக்குபா என்றும் சொல்வார்கள். நாம் 'முகமூடி' என்று சொல்கிற பொருளுக்கு இவர்கள் வழங்கும் சொல் 'கே'. வட்டாரத்துக்கு ஏற்ப 'க்லே' என்றும் ஒலிக்கும். ஆனால் 'கே' என்பது மரத்தின் பெயர் அல்ல. காட்டில் வாழ்ந்து, ஊருக்குள் வந்து மனிதரோடு இருக்க விரும்பும் ஒரு ஆவியின் பெயர். மரமுகம், தலைக்கட்டு, துணி, நார்ப்பாவாடை, ஆடுபவர், மேளம், பாட்டு எல்லாம் சேர்ந்து வந்து நிற்பதுதான் 'கே'. மரமுகமே இல்லாத 'கே'க்களும் உண்டு. அவை இரவில் வெறும் ஒலியாக மட்டும் வரும். இவற்றை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?

'கே' ஊருக்குள் வருகிற விதத்தைப் பாருங்கள். ஒருவர் கனவில் அது தோன்றுகிறது. தனக்கு உருவம் வேண்டும் என்று கேட்கிறது, எப்படிப்பட்ட உருவம் என்றும் சொல்கிறது. கனவு கண்டவர் உடனே வாய்ச்சியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட முடியாது. பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கூடிப் பேசி ஏற்றுக்கொண்டால்தான் செதுக்குவது நடக்கும். ஆக, ஒரு தனிமனிதரின் கனவு ஊரின் சம்மதம் பெற்ற பின்பே முகமாகிறது. அந்த முகத்தை அணிந்து வருபவர் யார் என்பது பலருக்குத் தெரிந்தே இருக்கலாம். அதனால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. அது பேசும்போது பேசுவது 'கே'தான். அதன் பேச்சை உடன் வரும் துணையாள் எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்வார்.

இந்த முகங்களுக்கு உத்தியோகம் உண்டு. 'தெயாங்க்லே' என்பது நீள்வட்ட முகம், கீறல் போன்ற கண்கள், சாந்தம். விருத்தசேதன முகாமில் இருக்கும் பையன்களுக்கும் ஊருக்கும் நடுவில் போய்வந்து, பெண்களிடமிருந்து அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிப்போவது இதன் வேலை. 'ஸக்பேய்' வட்டக் கண்களோடு வரும். வறண்ட மாதங்களில் காற்று வீசும் நாட்களில் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்து, அணைக்காதவர்களைத் தண்டிக்கும். கூரை வேய்ந்த ஊரில் ஒரு பொறி போதுமே! 'குன்யே' ஓட்டப் பந்தய முகம். முகம் அணிந்தவரை அணியாதவர் துரத்துவார். பிடித்துவிட்டால் அடுத்த ஓட்டத்தில் முகம் பிடித்தவருக்கு. இவற்றுக்கெல்லாம் மேலே, தீர்ப்புச் சொல்லும், சண்டையை நிறுத்தும் பெரிய 'கே' இருக்கிறது. அண்டை வீட்டுக்காரர் சொன்னால் பகையாகிவிடுகிற ஒன்றை இது சொன்னால் தீர்ப்பாகிவிடும். மெய்யைப் பேசுவதற்காகவே முகம் அணிகிறார்கள் எனலாம்.

இன்னொரு செய்தி நம் கோட்பாட்டாளர்களுக்கு முக்கியம். ஒரு 'கே'யின் பதவி நிரந்தரமில்லை. வேடிக்கை காட்டுவதற்காக வந்த முகம், வயதும் புகழும் கூடக்கூட, தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு உயரலாம். இறங்கவும் செய்யலாம். காலனிய ஆட்சி உள்ளூர்ப் போர்களை ஒடுக்கியதும் போருக்கு அழைத்த முகங்கள் ஆட்டத்துக்கு வந்துவிட்டன. தீ பார்க்கும் முகத்துக்கும் வட்டக் கண், ஓட்ட முகத்துக்கும் வட்டக் கண். எனவே கண்ணின் வடிவத்தை வைத்து 'இது இன்ன முகமூடி' என்று சீட்டு ஒட்டுவது பாதி ஊகம்தான். குறியிலிருந்து அர்த்தத்துக்கு நேர்வழி இல்லை. அர்த்தம் ஊரின் நினைவில் இருக்கிறது.

பாஸா மக்கள் லைபீரியாவின் கடற்கரைப் பக்கம், கிராண்ட் பாஸா மாவட்டத்தை ஒட்டி வாழ்பவர்கள். டான் மொழி மாண்டே குடும்பம் என்றால் இவர்களுடையது க்ரூ குடும்பம். இவர்களின் 'கே-நா' முகம் சிறியது. அதை முகத்தில் மாட்டுவதில்லை. பிரம்புச் சட்டத்தில் பொருத்தி நெற்றிக்கு மேலே வைத்துக்கொள்கிறார்கள். ஆடுபவர் கீழே தொங்கும் துணியின் இடைவெளி வழியாகப் பார்க்கிறார். அணிபவர் ஆண், அசைவு பெண்ணின் நளினம். முகத்தை மூடாத ஒன்றை 'முகமூடி' என்று அழைக்கிறோம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இனி அருங்காட்சியகத்துக்கு வரலாம். ஜார்ஜ் ஹார்லி என்கிற அமெரிக்க மிஷனரி மருத்துவர் 1920களின் நடுவிலிருந்து 1960 வரை நிம்பாவில் கான்டா என்ற ஊரில் இருந்தார். அவர் சேகரித்த நூற்றுக்கணக்கான முகங்கள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போயின. 1950இல் அவர் எழுதிய நூல் இவற்றைச் 'சமூகக் கட்டுப்பாட்டின் கருவிகள்' என்று வகைப்படுத்தியது. 1984இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'தொல்குடிக் கலை'யையும் ஐரோப்பிய நவீன ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் 'உறவு' இருப்பதாகக் காட்டியது. தாமஸ் மெக்எவில்லி அதைக் கடுமையாக விமர்சித்தார்: ஐரோப்பியப் படைப்புக்கு ஆளும் ஆண்டும் உண்டு, மற்றதற்கு இல்லை. முதலாமவர் நூலில் முகம் கருவி, இரண்டாமவர் கூடத்தில் முகம் வடிவம். ஆடையை உரித்து, ஆளை நீக்கி, மேளத்தை நிறுத்திவிட்டு எஞ்சியதைப் படிப்பதில் இருவரும் ஒன்றுதான்.

செதுக்கியவர்களுக்கும் பெயர் இருந்தது. ஹன்ஸ் ஹிம்மல்ஹெபர் என்கிற ஜெர்மானிய ஆய்வாளர் 1930களிலிருந்தே சிற்பிகளைத் தேடிப்போய்ப் பேசிப் பெயர்களைப் பதிவு செய்தார். அவர்களில் ஸ்ரா பெரும்புகழ் பெற்றவர். 2014இல் சூரிச் ரீட்பர்க் அருங்காட்சியகம் ஐவரி கோஸ்ட் பகுதிச் சிற்பிகளைப் பெயர் சொல்லியே கண்காட்சி வைத்தது. பெயர் தெரியாததால் அல்ல, கேட்காததால்தான் அத்தனை காலமும் சீட்டில் வெறும் 'டான்' என்று இருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகா, என்னவொரு சனநாயகம் என்று புல்லரித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. 'ஊரின் சம்மதம்' என்றால் யாருடைய சம்மதம்? வயதான ஆண்களுடையது. தீ பார்க்கும் முகம் தண்டிப்பது யாரை? சமைக்கிற பெண்களை. அந்த மரத்தின் ரகசியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் பெண்களே. அதே டான் ஊர்களில், விருந்தோம்பலில் சிறந்தவள் என்று தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணுக்குச் செதுக்கப்பட்ட ஒரு பெரிய அகப்பையும் உண்டு. ஆவியின் வலு அதற்கும் உண்டு என்பார்கள். முகத்துக்கு இணையான மரியாதை. ஆனாலும் ஆணுக்குத் தீர்ப்பு, பெண்ணுக்குச் சோறு! அண்டையில் மெண்டே, வாய், கோலா பெண்கள் தங்கள் சங்கத்தின் முகங்களைத் தாங்களே அணிகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு இயற்கையானதல்ல என்பது விளங்கும்.

லைபீரியாவில் ஆண்டவர் வெள்ளையர் அல்ல என்பதும் நம் எளிய சூத்திரங்களுக்கு இடைஞ்சல். 1847இல் குடியரசை அறிவித்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பர்கள். 1980 வரை ஆட்சி அவர்கள் வழிவந்தவர்களிடமே இருந்தது. அந்த ஆண்டு ஆட்சியைப் பறித்த சாமுவேல் டோவின் படை, 1985 கலகத்துக்குப் பழிவாங்க நிம்பாவில் கியோ, மானோ மக்களை வேட்டையாடியது. 1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லரின் படை அதே நிம்பா வழியாக நுழைந்தது. 1990 ஜூலையில் மன்ரோவியாவின் லூத்தரன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 600 பேர் அரசுப் படையால் கொல்லப்பட்டனர். பெரும்பாலும் கியோ, மானோ மக்கள். போர் இடைவெளி விட்டு 2003 வரை நீண்டது. மன்ரோவியாவின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சண்டையை நிறுத்தும் 'கே'யால் இந்தச் சண்டையை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கேட்கலாம். அதன் வாக்கு, அதை ஏற்றுக்கொண்ட ஊர்கள்வரைதான் எட்டும். அந்த ஊர்களே சிதறிக்கிடந்தன.

இப்போது திருப்பிக் கொடுப்பது பற்றிய பேச்சு நடக்கிறது. என்னத்தைத் திருப்பிக் கொடுப்பது? பழைய முகம் போனாலும் 'கே' புது முகத்துக்கு மாறிக்கொள்ளும் என்பது டான் மக்களின் நம்பிக்கை. 'அவர்கள்தான் வேறு செதுக்கிக்கொள்வார்களே' என்று விற்பனையாளர் சொல்லும் சால்ஜாப்புக்கு இது வசதியாகிவிடுகிறது. ஆனால் வயதால் பதவி உயர்கிற ஒன்றை எடுத்துப்போவது, அது ஏறிவந்த வருஷங்களையும் சேர்த்து எடுத்துப்போவதுதான். மான் பகுதியில் 'கே' இன்றைய வாழ்க்கையோடு சேர்ந்தே ஆடுவதை டேனியல் ரீட் 2003இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே அது செத்துப்போன கலை அல்ல. எந்த முகம் வர வேண்டும், வந்தால் அதற்கு என்ன பதவி என்பதைச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது, அகப்பை பிடித்த கைகளுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.