குப்பையில் முளைக்கும் மரங்கள்!

ஒரு வேப்பங்கிளையை ஒடித்து மண்ணில் நட்டுப் பாருங்கள். சிறிய மரம் போலத் தெரிகிறதா? இல்லை. ஒடித்த கிளையாகத்தான் தெரியும்!

பொம்மை ரெயில் பாதை அமைக்கிறவர்களுக்கு இதுதான் முதல் தலைவலி.

பொம்மை ரெயில் என்றதும், குழந்தைகள் சாவி கொடுத்து ஓட்டும் ரெயில் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பெரியவர்களே பல ஆண்டுகள் உழைத்து இதை அமைக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் என்ஜின், ஸ்டேஷன், பாலம், வயல், ஊர் எல்லாம் உண்டு. இங்கிலாந்தில் பலர் கையாளும் அளவு, உண்மையில் 76-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் மனிதன் ஒரு அங்குலம்கூட இருக்கமாட்டான். 80 அடி மரம், ஒரு அடிக்குச் சற்று அதிகமாக இருக்கும்.

என்ஜினைக் கடையில் வாங்கலாம். மரமும் கடையில் கிடைக்கிறது. ஆனால் ஒரு தோப்புக்கு எத்தனை மரம் வேண்டும்! அத்தனையும் விலைக்கு வாங்கினால் பணம் என்ன ஆவது? மேலும், கடை மரங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். ஆகவே, குப்பையைக் கிளறத் தொடங்குகிறார்கள்.

"யாரோ" செடி

அந்த நாடுகளில் சாலை ஓரத்தில் ஒரு செடி வளர்கிறது. அதன் பெயர் "யாரோ". (வேடிக்கை அல்ல. ஆங்கிலப் பெயரே அதுதான்!) பூ காய்ந்த பிறகு, அதன் தண்டு குடை விரித்தது போல நிற்கும். அதை வெட்டிப் பசை தடவி, பச்சைத் தூளில் புரட்டினால் மரம் தயார்.

வட ஐரோப்பாவில் கலைமான்கள் மேயும், பாசி போன்ற ஒன்று தரையில் படர்ந்திருக்கிறது. அதைக் கிளிசரினும் தண்ணீரும் கலந்து ஊற வைக்கிறார்கள். பிறகு அது நொறுங்காது. பஞ்சு போலவே இருக்கும். புதர் செய்ய ஏற்றது.

பழைய நாற்காலி மெத்தைக்குள் இருக்கும் குதிரை மயிர், நாம் உடம்பு தேய்த்துக் குளிக்கும் பீர்க்கங்காய் நார் இவையும் மரமாகின்றன. சாயம் ஏற்றிய மரத்தூள், அரைத்த ஸ்பாஞ்சு இவை இலை. காய்ந்த தேயிலைச் சக்கையைக் கீழே தூவினால், சருகு உதிர்ந்தது போல இருக்கும். இலைத் தூள் கொட்டாமல் இருக்க, தலைமுடி கலையாமல் இருக்கப் பெண்கள் அடித்துக்கொள்ளும் "ஸ்பிரே"யை எடுத்து மரத்துக்கு அடிக்கிறார்கள். பாட்டில் எப்படிக் காலியாயிற்று என்று வீட்டில் கேள்வி வராமலா இருக்கும்?

கம்பி மரம்

பெரிய மரத்துக்குக் கம்பிதான் நல்லது. மெல்லிய கம்பிகள் 40 எடுத்து, ஒன்றாகச் சேர்த்து முறுக்குகிறார்கள். அது அடிமரம். மேலே பத்துப் பத்தாகப் பிரித்து முறுக்கினால் பெருங்கிளை. அதை ஐந்து ஐந்தாகப் பிரிக்க வேண்டும். பிறகு இரண்டும் மூன்றுமாக. கடைசியில் ஒற்றைக் கம்பி. அதுதான் நுனி.

வேப்பங்கிளையின் மர்மம் இங்கே விளங்கிவிடுகிறது. ஒரு முழு மரம், அடியில் இருந்து நுனி வரை பல தடவை பிரிகிறது. ஒடித்த கிளை, அதன் பருமனுக்கு இரண்டு மூன்று தடவைதான் பிரிந்திருக்கும். அதனால் நம் கண் ஏமாறுவது இல்லை. "யாரோ" செடியின் தண்டோ மீண்டும் மீண்டும் பிரிந்து நுணுகிப் போகிறது.

நானும் ஒரு பழைய மின்சார வயரை உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பியை முறுக்கிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. துடைப்பம் வந்தது! மறுநாள், ஆபீசு வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அதன் நிழலில்தான் தினமும் சைக்கிளை நிறுத்துகிறேன். அதன் முதல் கிளை எவ்வளவு உயரத்தில் பிரிகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. அடிமரம் பழுப்பு நிறம் என்று எண்ணி இருந்தேன். அதுவும் தவறு. சாம்பல் நிறம்!

இரண்டாவது மரம் பரவாயில்லை.

காந்தம் இழுத்தது

ஒரு எச்சரிக்கை. முன்பு சிலர், தேய்ப்பதற்குப் பயன்படும் இரும்பு நாரைப் பிய்த்து இலைக் கொத்தாக வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு நார் துகள் துகளாக உதிரும். என்ஜின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. அது துகளை இழுத்துக்கொள்ளும். பிறகு என்ஜின் ஓடுமா?

இப்போது இல்லாத மரம்

ராய் இங்கிலாந்து என்று ஒருவர். பெயர்தான் இங்கிலாந்து. ஆள் ஆஸ்திரேலியாக்காரர்! 1925-ம் ஆண்டில் அவர் இங்கிலாந்துக்கு வந்தார். "வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு" என்ற பகுதியில், கூரை வேய்ந்த பழைய வீடுகளைக் கண்டு மயங்கினார். அவை ஒவ்வொன்றாக மாறி மறைவதையும் கண்டார். இருக்கும்போதே அளந்து, சிறிய உருவமாகச் செய்து வைக்கவேண்டும் என்று துணிந்தார். அந்த முயற்சியில் பிறந்ததுதான் பெண்டன் பொருட்காட்சி சாலை. 1954-ல் ஆக்ஸ்போர்டு அருகே லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் தொடங்கியது. 1920, 1930-களில் அந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருந்ததோ, அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். ரெயிலும் ஓடுகிறது.

வீடுகள் மறையும் என்று அவர் பயந்தார். மரங்களும் மறைந்துவிட்டன!

அந்தக் காலத்தில் அங்கே வேலி ஓரம் எல்லாம் "எல்ம்" மரங்கள். மேகத்தின் மேல் மேகம் அடுக்கியது போல உயர்ந்து நிற்கும். 1960-களின் கடைசியில், வெளிநாட்டில் இருந்து வந்த மரக்கட்டைகளோடு கொடிய நோய் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு வகை வண்டு, மரத்துக்கு மரம் அந்த நோய்க் காளானைச் சுமந்து போயிற்று. காளான், மரம் தண்ணீர் உறிஞ்சும் குழாய்களை அடைத்துவிடும். இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டனில் 2½ கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் மாண்டன.

ஆகவே, அந்தக் காலத்து ஊரைச் செய்கிறவர் இன்று எல்ம் மரம் செய்ய வேண்டும் என்றால், ஜன்னல் வழியாகப் பார்த்துப் பயன் இல்லை. பழைய போட்டோவை மேஜையில் வைத்துக்கொள்கிறார். கிளை எங்கே பிரிகிறது என்று விரல் வைத்து எண்ணுகிறார். பிறகுதான் கம்பியை முறுக்குகிறார்.