அரைத்ததும் தேய்த்ததும்

'கிரவுண்ட் கிளாஸ்' என்பதை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். தமிழ் அதை இரண்டாகப் பிளந்துவிட்டது: அரைத்த கண்ணாடி, தேய்த்த கண்ணாடி.

அரைத்தது தூள். வஜ்ஜிரத்தோடு சேர்ந்து மாஞ்சா நூலாகும். காற்றாடியை அறுக்கும், சிலசமயம் கழுத்தையும். தேய்த்தது பலகை. அதன் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிக்கிறது. அதிகாரியின் அறைக் கதவில் அது மறைக்கிறது. ஸ்டுடியோக்காரரின் பழைய முக்காலிக் கேமராவிலோ, அதே சிதறல்தான் பிம்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுகிறது. ஆக, மறைப்பதா காட்டுவதா என்பதை அதை வைத்தவரே தீர்மானிக்கிறார்.

மூன்றாவது அர்த்தம் மருத்துவருடையது. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் மங்கி, அந்த மங்கலுக்குள்ளும் ரத்தக்குழாய்கள் தெரிந்தால் 'கிரவுண்ட் கிளாஸ்' என்று எழுதுவார்கள். 2020இல் கொரோனா ரிப்போர்ட்டுகளில் பலரும் படித்த சொல்.

இந்த அர்த்தங்கள் ஓர் உடம்பில் சந்திக்கின்றன என்பதுதான் என் பிரச்சினை. மணலை வேகமாக ஊதிக் கண்ணாடியைத் தேய்க்கும் முறைக்கு அமெரிக்காவில் டில்மன் 1870இல் காப்புரிமை வாங்கினார். மணலின் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அந்நோயின் கடும் வகையில், ஊதியவரின் ஸ்கேனிலும் அதே சொல்தான் விழும். வார்ப்படத் தொழிலில் மணல் ஊதுவதற்கு எதிராக பிரிட்டன் 1949லேயே விதி போட்டது. சிலிக்கா இல்லாத மாற்றுப் பொருட்களும் இருக்கின்றன.

டாக்டருக்கு அது உவமை. ஊதியவருக்கு அது செய்த வேலையின் பெயர். என் மொழிபெயர்ப்பில் 'தேய்த்த கண்ணாடி' என்றே வைத்திருக்கிறேன். யார் தேய்த்தது என்று வாசகர் கேட்கட்டும்.