பற்சக்கரம் ஏன் உடைகிறது?



மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என வரிசையாக அமைந்த எங்கள் கரையூர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் பயனாக, இங்கினியாகலையில் தேக்கப்பட்ட சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் இப்பிரதேசத்தின் வயல்களுக்கு வாய்க்கால் வழியே வந்து சேர்கின்றது. நீர் திறக்கும் நாளும் விதைப்பை முடிக்க வேண்டிய நாளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்னரே தீர்மானிக்கப்படுகின்றன. அந்நாளைத் தவறவிட்டவனுக்காக வாய்க்கால் காத்திருப்பதில்லை. இதனை மனத்திற்கொண்டு, ஒரு சிறிய இரும்புப் பல்லைப் பற்றி நான் கூறப்போவதைக் கேட்பீர்களாக.

ஒரு சிறுபோகத்தின்போது, எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் எட்டு நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்தவனை அழைத்துக் காரணம் கேட்டேன். “லேண்ட்மாஸ்டர் கியர் உடைஞ்சிட்டு சேர். வாப்பாவோட வயலிலதான் நின்ற நான்” என்றான். இருசில்லுக் கை உழவு இயந்திரத்தை எங்கள் பகுதியில் எவர் செய்ததாயினும் லேண்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன வடிவமைத்த இயந்திரத்தின் பெயர் அது. பின்னர் இவ்வகை இயந்திரங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

நடந்தது இதுதான். கியர்ப் பெட்டியினுள் ஒரு சக்கரத்தில் ஒரேயொரு பல் உடைந்திருக்கிறது. புதிய சக்கரம் வாங்கப் பணமில்லை, நாளும் இல்லை. ஒரு பட்டறையில் அந்தப் பல்லை ஒட்டுவைத்து, அரத்தால் தேய்த்து உருவாக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அது மீண்டும் உடைந்தது. இம்முறை உடைந்த துண்டு மற்றச் சக்கரங்களுக்கிடையே அகப்பட்டு, மேலும் இரண்டு சக்கரங்களை அழித்துப் பெட்டியின் சுவரையும் பிளந்துவிட்டது. உம்மாவின் காப்பு அடகுக்குப் போயிற்று. அயல் வயல்களில் விதைப்பு முடிந்த பின்னரே இவர்களின் உழவு தொடங்கியது.

நான் கலைப் பட்டதாரி; இயந்திரம் கற்றவனல்லன். ஆயினும் அந்தப் பெட்டியை இரண்டாம் முறை திறந்த முதிய பாஸ் ஒருவர், மாணவர்களும் நானும் அருகில் நின்று பார்க்க இடமளித்தார். அங்கு கண்டதையும், பின்னர் படித்துத் தெளிந்ததையும் இங்கே தருகின்றேன்.

பற்சக்கரத்தின் தொழில் யாது? வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுவது. பன்னிரண்டு பல்லுள்ள சிறு சக்கரம் முப்பத்தாறு பல்லுள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், பெரியது மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே சுழலும்; அதன் முறுக்கு விசையோ, உராய்வில் இழப்பது போக, ஏறத்தாழ மும்மடங்காகும். விரைந்து சுழலும் சிறிய எஞ்சின் சேற்றைக் கிழித்து மெல்ல நகர்வது இவ்வாறுதான். இவ்வறிவு நேற்று வந்ததன்று. அல்-ஜஸரி என்னும் அறிஞர் 1206ஆம் ஆண்டில் எழுதி முடித்த இயந்திர நூலில், பற்சக்கரங்களால் நீரிறைக்கும் பொறிகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

அப்பெரும் விசை முழுவதும் எவ்விடத்தில் தங்குகிறது? ஏதேனும் ஒரு கணத்தில் ஒன்றோ இரண்டோ பற்கள் மாத்திரமே அதைத் தாங்குகின்றன. 1892இல் அமெரிக்கப் பொறியியலாளர் வில்பிரட் லூயிஸ், ஒரு பல்லைச் சுவரில் ஒரு முனை பதித்த உத்தரமாகக் கருதி அதன் வலுவைக் கணித்தார். உத்தரத்தின் நுனியில் பாரம் ஏற்றினால் அது சுவரோடு சேரும் இடத்திலன்றோ முறியும்? பல்லும் அவ்வாறே அடியில்தான் வெடிக்கிறது.

முதிய பாஸ் முதலில் செய்த காரியம் எங்களுக்கு வியப்பளித்தது. உடைந்த துண்டைக் கழுவி வெயிலிற் பிடித்து, “முதல்ல இதப் படிக்கணும் சேர்” என்றார். உடைந்த முகம் எங்கும் கரடுமுரடாய் இருப்பின், ஒரே அதிர்ச்சியில் முறிந்ததென அறியலாம். ஒரு பகுதி வழவழப்பாகவும், அதில் அலை வற்றிய பின் மணலில் தோன்றும் வரிகளைப் போன்ற கோடுகளும் இருப்பின், வெடிப்பு நெடுநாளாக வளர்ந்து வந்து இறுதியில் முறிந்ததென அறியலாம். பொறியியலாளரும் இவற்றைக் கடற்கரை வரிகள் என்றே குறிப்பிடுகின்றனர். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள் காணப்படின் எண்ணெயின் குறையை ஐயுறல் வேண்டும். பல்லின் ஓரம் மாத்திரம் சிதைந்திருப்பின், கிளச்சை முற்றாக விடுவியாது கியர் மாற்றும் கைப்பழக்கமே பெரும்பாலும் காரணமாகும்.

எங்கள் வயல்களுக்கென்றே சில காரணங்களும் உண்டு. சேற்றில் வழுக்கிச் சுழலும் சில்லு, திடீரென வரப்பையோ வேரையோ பற்றும்போது, அந்த அதிர்ச்சி முழுவதும் பற்களின்மீது விழுகிறது. எருமை அகப்பட்டுக்கொண்டால் நின்றுவிடும், எஞ்சின் நிற்பதில்லை. மேலைநாடுகளில் சிறுவர் பந்தயத்திற்கென நான்கு சில்லு மோட்டார் வண்டிகள் செய்யப்படுகின்றன. அவை மேட்டில் துள்ளி எழும்போது சில்லு வெறுங்காற்றில் விரைந்து சுழன்று, நிலத்தைத் தொட்டதும் சட்டென அமர்த்தப்படுகிறது. அச்சிறு வண்டியிற் பல் உடைவதற்கும் நம் உழவு இயந்திரத்திற் பல் உடைவதற்கும் அடிப்படை ஒன்றே. அன்றியும், இருசின் ஒயில் சீல் தேய்ந்தால் சேற்றுநீர் உட்புகுந்து எண்ணெயுடன் கலக்கும். அவ்வெண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறம்பெறும். அந்நிறத்தைக் கண்ட பின்னரும் உழுபவர், பல் உடையும் நாளைத் தாமே குறித்தவராவார்.

இனி, மாற்றும் முறையைக் கூறுவேன். உடைந்த பல்லை ஒட்டுவைத்தல் ஏன் தகாது? பற்சக்கரத்தின் மேற்றோல் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கோ அதிலும் குறைவாகவோ மிகக் கடினமாக்கப்பட்டும், உட்பகுதி முறியாத உறுதியுடனும் செய்யப்படுகிறது. ஒட்டுவைக்கும் வெப்பம் இவ்வமைப்பைக் குலைத்துவிடும். அரத்தால் தேய்த்த பல்லின் வளைவும் பழைய வளைவுக்கு ஒவ்வாது. ஆகவே சக்கரத்தை மாற்றுவதே வழி.

மாற்றும்போது அதனோடு பொருந்தும் துணைச் சக்கரத்தையும் சேர்த்து மாற்றுதல் நன்று. இதற்குரிய காரணத்தை மாணவர்கள் கணக்காகவே கண்டனர். பதின்மூன்று பல்லும் முப்பத்தேழு பல்லும் கொண்ட இணையை எடுத்துக்கொள்வோம். இவ்விரு எண்களுக்கும் பொதுக்காரணி ஒன்றைத் தவிர வேறில்லை. எனவே சிறு சக்கரம் முப்பத்தேழு முறை சுழல்வதற்குள், அதன் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் எல்லாப் பற்களையும் தொட்டுவிடும். தேய்மானத்தைச் சமமாகப் பங்கிடுவதற்கே இவ்வாறு அமைக்கின்றனர். ஆயின் ஒரு பல் கெட்டுவிடின், அது துணைச் சக்கரத்தின் பற்கள் அனைத்தையும் தீண்டிக் கெடுத்திருக்கும். அத்தகைய பழைய சக்கரத்தோடு புதியதைச் சேர்த்தால், புதியதும் விரைவிற் கெடும்.

கடைக்குச் செல்லும்போது பழைய சக்கரத்தைக் கையோடு கொண்டுசெல்க. பற்களின் எண்ணிக்கை, நடுத்துளையின் விட்டம், துளையினுள் உள்ள வரிப்பற்களின் தொகை, இயந்திரத்தின் மாதிரி எண் ஆகியவற்றை எழுதிக்கொள்க. ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் அது பொருந்தாது.

பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு வளையத்தையும் தகட்டையும் கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கின்மீது வரிசையாக அடுக்குக. உடைந்த துண்டுகளை ஒன்றுசேர்த்து, பல்லின் முழுவடிவம் கிடைக்கிறதா எனப் பார்க்க. கிடைக்காவிடின் எஞ்சிய துண்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. காந்தத்தாலும் மண்ணெண்ணெய்க் கழுவலாலும் அதைத் தேடி எடுத்தாக வேண்டும். அடுத்து, தண்டைக் கையால் அசைத்துப் பேரிங்குகளைச் சோதிக்க. பேரிங் தளர்ந்தால் தண்டு சாயும். தண்டு சாய்ந்தால் பல்லின் முழு அகலமும் தாங்காமல் ஓரம் மாத்திரம் தாங்கும். பின்னர் ஒயில் சீலைப் புதிதாக்குக. மூடுவதற்குமுன், எல்லாக் கியர்களிலும் கையால் சுழற்றிப் பார்க்க. தயாரிப்பாளர் குறித்த எண்ணெயைக் குறித்த அளவு ஊற்றிச் சற்றுநேரம் பாரமின்றி ஓடவிடுக. அந்த முதல் எண்ணெயை விரைவிலேயே வடித்து மாற்றினால், எஞ்சிய இரும்புத்தூளும் அதனோடு வெளியேறும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. திறந்த பெட்டியில் கைவைக்குமுன் எஞ்சினை நிறுத்தி, பட்டியையும் கழற்றிவிடுக. கையால் மெதுவாகச் சுழற்றும் சக்கரமும் விரலை நசுக்கவல்லது. பிள்ளைகள் பார்க்கட்டும், எண்ணட்டும், கழுவிக் கொடுக்கட்டும். சுழலும் பற்களுக்கிடையே அவர்களின் கை செல்லுதல் ஆகாது. அவசர நாளென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இயந்திரத்தை ஒப்படைப்பதும் ஆகாது.

அம்மாணவனின் வாப்பா பின்பொருநாள் என்னைக் கண்டபோது, “முதல்லயே சோடியா மாத்தியிருந்தா காப்பு வீட்டில இருந்திருக்கும் சேர்” என்றார். உண்மைதான். ஆயினும் அதற்கும் முந்திய ஓர் உண்மை உண்டு. உடைந்த பல் நோயன்று, நோயின் அறிகுறி. சீலையும் பேரிங்கையும் கைப்பழக்கத்தையும் திருத்தாமல் சக்கரத்தை மட்டும் மாற்றுபவர், அடுத்த உடைவுக்கே பணம் செலவிடுகின்றார். ஆகவே விதைப்பு நெருங்கு முன்னரே, பெட்டியின் அடியாணியைச் சிறிது தளர்த்தி எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். வாய்க்காலில் நீர் வரும் நாளில் உங்கள் இயந்திரம் வயலிலும், உங்கள் பிள்ளை வகுப்பிலும் இருத்தல் வேண்டும்.