இரும்புக் கவசம் பூண்ட நத்தை

மழைக்காலத்தில் தோட்டத்துச் சுவரில் ஊர்ந்து செல்லும் நத்தையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கடற்கரையில் சங்கும் சோழியும் பொறுக்கியிருக்கிறோம். இவை யாவும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. சுண்ணாம்புச் சத்தைக் கொண்டே தம் ஓட்டைக் கட்டிக்கொள்பவை. ஆனால், அந்த ஓட்டின் மீது இரும்பையும் கவசமாகப் பூண்ட நத்தை ஒன்று நம் இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில் வாழ்கிறது.

மொரீஷியஸ் நாட்டுக்குரிய ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே, கடலடி மலைத்தொடரில் 'கைரெய்' என்னும் வெப்பநீர் ஊற்றுப் பகதி உள்ளது. 2001ஆம் ஆண்டு அங்கு ஆய்வு செய்த அமெரிக்கக் குழுவினர் இந்த நத்தையை முதன்முதலில் கண்டனர். சுமார் 2,400 மீட்டர் ஆழம். கதிரவன் ஒளி எட்டாத இருள். பூமியின் உள்வெப்பத்தால் 300 பாகை செல்சியஸுக்கும் மேல் கொதித்த நீர், உலோகங்களையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு கரும்புகை போலப் பீறிடும் இடம். அத்தகைய ஊற்றுவாயின் அருகில்தான் இந்நத்தைகள் கூட்டமாக வாழ்கின்றன.

நான்கு சென்டிமீட்டர் அளவே உள்ள இவ்வுயிரின் பாதத்தை, கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நூற்றுக்கணக்கான செதில்கள் மூடியிருக்கின்றன. ஓட்டின் மேலும் செதில்களின் மேலும் இரும்பு சல்ஃபைடு படிந்துள்ளது. காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் அச்செதில்கள் ஒட்டிக்கொள்ளும்!

உணவு தேடும் வேலையும் இதற்குப் பெரிதாக இல்லை. உணவுக்குழலை ஒட்டிய பெரிய சுரப்பியில் பாக்டீரியாக்களைக் குடிவைத்திருக்கிறது. ஊற்றுநீரின் வேதிப்பொருள்களிலிருந்து அவை ஆற்றல் பெற்று நத்தைக்கு உணவளிக்கின்றன. அவற்றுக்கும் தனக்கும் வேண்டிய உயிர்வளியைச் சுமந்து செல்ல, உடல் பருமனில் ஏறத்தாழ 4 விழுக்காடு அளவுள்ள பெரிய இதயம் நத்தைக்கு அமைந்துள்ளது.

ஒன்றைக் கண்டுவிட்டால் மட்டும் அது அறிவியலில் புதிய இனமாகிவிடுவதில்லை. மாதிரி உயிரைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும்; ஓடு, பல்வரிசை, உள்ளுறுப்புகள், மரபணு ஆகியவற்றை உறவினங்களோடு ஒப்பிட வேண்டும்; விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி விளக்கத்தை வெளியிட வேண்டும். இந்நத்தைக்கு அப்பணி நிறைவேறியது 2015ஆம் ஆண்டில்தான். 'கிரைசோமாலன் ஸ்குவாமிஃபெரம்' என்ற பெயரின் முற்பகுதி பொன்னிற ரோமத்தையும், பிற்பகுதி செதில் தாங்கியதையும் குறிக்கும்.

விளக்கம் எழுதுவது எத்துணை நுட்பமான பணி என்பதை ஒரு நிகழ்வு உணர்த்தும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'சாலிட்டேர்' என்னும் மற்றோர் ஊற்றுப் பகுதியில் இதே வடிவ நத்தைகளைக் கண்டனர். அவற்றின் நிறமோ வெளிறியிருந்தது. இரும்புப் பூச்சு இல்லை. வேறோர் இனமோ என ஐயுறத் தோன்றும். உடலமைப்பும் மரபணுவும் இரண்டும் ஒன்றே என்று காட்டின. சாலிட்டேர் ஊற்றுநீரில் இரும்பு குறைவு. அதனால் கவசமும் இல்லை. நத்தையின் உடலிலிருந்து வெளிப்படும் கந்தகம் நீரிலுள்ள இரும்போடு சேர்ந்தே அக்கவசம் உருவாகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வு உறுதிசெய்தது.

பெயர் கிடைத்ததன் பயன் விரைவில் தெரிந்தது. கணக்கு ஏட்டில் பெயர் ஏறாதவருக்கு உரிமை கோர வழியில்லை என்பது நம் வாசகர்கள் நன்கறிந்த செய்தி. உயிரினங்களுக்கும் ஏறத்தாழ அப்படித்தான். 2019ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்நத்தையை, அழியும் ஆபத்தில் உள்ள இனமாகத் தன் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத் தொழிலால் வரக்கூடிய ஆபத்தை முன்னிட்டு அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் இதுவே. அப்போது இது மூன்று ஊற்றுப் பகுதிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அவற்றில் இரண்டு, சுரங்கத்துக்கான ஆய்வு உரிமம் வழங்கப்பட்ட பரப்புகளுக்குள் அமைந்திருந்தன.

ஊற்றுகள் உமிழும் உலோகங்களே கடலடியில் செம்பு, துத்தநாகம், பொன், வெள்ளி ஆகியவை அடங்கிய படிவுகளாகின்றன. நத்தைக்குக் கவசம் தரும் அதே ஊற்றுகள் மனிதருக்கும் செல்வமாகத் தோன்றுகின்றன. இத்தேடலில் நம் நாடும் பங்கு கொண்டுள்ளது. இந்தியப் பெருங்கடலின் நடுவே 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இத்தகைய படிவுகளை ஆராய, 2016இல் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்லவல்ல 'மத்ஸ்யா 6000' கலத்தைச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி வருகிறது.

செம்பும் துத்தநாகமும் நாட்டுக்குத் தேவை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், 2001இல் கண்ட நத்தைக்கு முறையான பெயர் சூட்டவே 14 ஆண்டுகள் ஆயின. எடுப்பதற்கு முன் இருப்பை அறிவது எந்தக் கணக்குக்கும் முதல் விதி. ஆழ்கடலில் அந்த இருப்புக் கணக்கு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.