வீடு கட்டிய சந்தோஷம் எத்தனை நாள்?

சொந்த வீடு கட்டிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறோம். கட்டியும் விடுகிறோம். ஆறு மாதத்தில் வீடு பழகிப்போய், பக்கத்து வீட்டு இரண்டாவது மாடி கண்ணை உறுத்துகிறது. ஏன் இப்படி? டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

முதல் மடக்கில் இருக்கிற ருசி ஐந்தாவது மடக்கில் தெரிவதில்லை, இல்லையா? மனசும் அப்படித்தான், கிடைத்ததெல்லாம் அதற்குப் பழகிவிடும். அமெரிக்காவில் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும்பரிசு விழுந்த 22 பேரிடம் பிலிப் பிரிக்மேன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பேசினார்கள். 1978இல் முடிவு வெளியானது. மற்றவர்களைவிடப் பரிசு விழுந்தவர்கள் அப்படியொன்றும் கூடுதல் மகிழ்ச்சியாக இல்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு அரட்டை போன்ற சின்னச் சின்ன இன்பங்கள்கூட அவர்களுக்குச் சப்பென்று இருந்தன. சின்ன ஆய்வுதான். கடனும் வாடகைக் கவலையும் தீரப் பணம் வேண்டும், சந்தேகமில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி.

மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பாருங்கள். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியது. பிரசவம் பார்க்கும் டாக்டராகும் எண்ணத்தைக் கைவிட்டு, கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களில் கத்தி நழுவாமல் நிற்கும்படி பிடிக்கப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976இல், 58ஆவது வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடிந்தவர்கள் காசு கொடுத்தார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். அவர் கையால் நடந்த கண் அறுவைச் சிகிச்சைகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

கிடைத்த பொருளை நேற்றைய நிலையோடு ஒப்பிட்டு மனசு சலித்துவிடுகிறது. டாக்டர் செய்தது போன்ற வேலையில் அதற்கு வழியில்லை. ஒருவருக்குப் புரை எடுத்து முடிப்பதற்குள் அடுத்தவர் காத்திருக்கிறார். காத்திருப்பவருக்கு அதுதான் முதல் தடவை. கவனமெல்லாம் எதிரில் இருப்பவர் மேல் இருக்கும்போது, ‘நான் சந்தோஷமாக இருக்கிறேனா’ என்று கணக்குப் பார்க்க நேரமேது?

இதற்கு ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. ‘எனக்கு எது பிடிக்கும்’ என்பதோடு, ‘நான் வராவிட்டால் யாருக்குக் கஷ்டம்’ என்றும் கேளுங்கள். தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லித்தருவதும் கணக்கில் சேரும். பாராட்டுக்காகச் செய்தால் அதுவும் சம்பள உயர்வு மாதிரிச் சலித்துவிடும். கிழமையும் நேரமும் குறித்து, வருவதாகப் பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள். மனசு வராத நாளிலும் கால் போய்விடும்.