தண்ணீர் பளிச்னு இருக்கு... ஆனாலும் மீன் சாவது ஏன்? கடல் மீன் தொட்டியில் கவனிக்க வேண்டிய 5 அளவுகள்!

ஃபில்டர் ஓடுகிறது, லைட் எரிகிறது, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஆசையாக வாங்கி விட்ட ‘நீமோ’ மீன் மூன்றே நாளில் செத்து மிதக்கிறது. வீட்டில் புதிதாகக் கடல் மீன் வளர்க்கத் தொடங்கும் பலரும் சந்திக்கும் ஏமாற்றம் இது. கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னாடி தண்ணீரை டெஸ்ட் செய்து பாருங்க. மீனைக் கொல்லும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது?

மீனின் கழிவு, சாப்பிடாமல் மிச்சமாகும் தீவனம் இரண்டிலிருந்தும் அம்மோனியா உருவாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, நைட்ரைட்டை அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக மாற்றும்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு இருக்காது. அவை பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். இதைத்தான் ‘சைக்கிள் ஆவது’ என்கிறார்கள். அதற்குள் மீனை விட்டால், தன் கழிவே அதற்கு விஷமாகிவிடும்.

கடல் நீரில் பி.ஹெச். அதிகம் என்பதால், அம்மோனியாவில் விஷத்தன்மையுள்ள பங்கும் அதிகமாக இருக்கும். கோல்டு ஃபிஷ் தாங்கும் அளவைக் கடல் மீன் தாங்காமல் போகலாம்.

எந்த அளவு எவ்வளவு இருக்கணும்?

* அம்மோனியா: 0
* நைட்ரைட்: 0
* நைட்ரேட்: 20 பிபிஎம்முக்குள் இருந்தால் நல்லது
* பி.ஹெச்.: 8.1 முதல் 8.4 வரை
* உப்பு: லிட்டருக்கு சுமார் 35 கிராம். ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 அல்லது அதையொட்டி காட்டும்

டெஸ்ட் செய்வது எப்படி?

சொட்டு மருந்து போல இருக்கும் டெஸ்ட் கிட், பட்டை வடிவ ஸ்ட்ரிப்பைவிட நம்பகமானது. கிட்டில் வரும் குழாயைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, குறிப்பிட்ட கோடு வரை நிரப்பி, சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விட்டு, சொன்ன நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடல் நீருக்கான அட்டைதானா, கிட் காலாவதி ஆகவில்லையா என்பதையும் கவனிக்கணும்.

பி.ஹெச். காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். அதனால் தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது.

தண்ணீர் குறைந்தால் உப்புத்தண்ணி ஊற்றலாமா?

கூடாது. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மேலும் உப்புநீர் ஊற்றினால் உப்பு அளவு ஏறிவிடும். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம் என்பதால் அப்படியே ஊற்றக் கூடாது.

அம்மோனியா 0-க்கு மேல் காட்டினால்?

உடனே தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மாற்றுங்க. புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியில் உள்ளதைப் போலவே இருக்கணும். ஒரு நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு, மறுநாள் மறுபடி டெஸ்ட் செய்யுங்க. அளவு 0-க்கு வரும்வரை புது மீன் வாங்காதீங்க.

பதற்றத்தில் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அதில்தான் நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது; குளோரின் பட்டால் அது அழிந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

புதுத் தொட்டி என்றால் 2 நாளுக்கு ஒருமுறை, செட்டான தொட்டி என்றால் வாரம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் தேதியோடு நோட்டில் எழுதி வைத்தால், எந்த அளவு மெல்ல ஏறுகிறது என்பது மீன் சோர்ந்து போவதற்கு முன்பே தெரிந்துவிடும். மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வேகமாக மூச்சு வாங்கினால், எந்தக் கிழமையாக இருந்தாலும் அன்றே டெஸ்ட் செய்துவிடுங்க.